மதாமுக்கு நேரே கால் நீட்டியது

சார்ல்ஸ்டன் என்ற நடனத்தை நான் ஆடுவேன் என்று சொன்னால், பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாசப்பலில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

எனக்கு அதைப் பழக்கியவர் தொண்ணூற்றேழு வயதுப் பிரெஞ்சுக்கார மதாம். அங்கே மெத்ரோ ரெயில் நிலையத்துக்குப் பின்தெருவில் நாலாம் மாடியில் தனியே இருந்தார். 2009 இல் அவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு. நகருக்கு வெளியே சார்செலில் இருந்து ரெயினில் வந்து, அவரைக் குளிக்க வார்த்து, சமைத்து, வீடு துடைத்து, பின்னேரம் ஐந்துக்குத் திரும்புவேன். என் வேலையில் ஒருவரும் குறை பிடித்ததில்லை. மதாமும் பிடிக்கவில்லை. குறை பிடிக்க முடியாத வேலைக்காரியை என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய கால்களுக்குக் களிம்பு பூசி உருவிவிடுவேன். அப்போது அந்த நடனத்தின் கதையைச் சொல்லுவார். சார்ல்ஸ்டன் அமெரிக்காவில் ஒரு துறைமுகத்தின் பெயராம். அங்கே இருந்த கறுப்புச் சனங்கள் ஆடியது. அது பெரிய நகரத்து மேடைக்கு வந்து, கப்பல் ஏறிப் பாரிசுக்கும் வந்துவிட்டது. அவருக்கு அப்போது பதின்மூன்று பதினாலு வயது. ஊர் முழுவதும் பைத்தியம் பிடித்தது போல ஆடினார்களாம். பெண்கள் தலைமயிரை வெட்டினார்கள், சட்டையை முழங்கால் மட்டும் ஏற்றினார்கள். பாதிரிமார் ஏசினார்கள். முழங்கால் கழன்றுவிடும் என்று டொக்டர்மார் பயமுறுத்தினார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்காரிகள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, சமைக்கத் தெரியுமா என்று கேட்க முதல் சார்ல்ஸ்டன் தெரியுமா என்று கேட்பார்களாம். மதாமின் தாயும் அப்படிக் கேட்டுத்தான் மார்ட்டினிக் தீவுக்காரி ஒருத்தியை எடுத்தார். பகலில் அவள் உடுப்புத் தோய்த்தாள், பின்னேரம் வீட்டுக்காரிக்கு ஆட்டம் பழக்கினாள். சின்ன மதாம் குசினிக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு களவாய்ப் பழகினார்.

"பிறகு அந்த ஆட்டம் பழசாய்ப் போச்சு, வேறை ஆட்டம் வந்திட்டுது" என்றார் மதாம். "அம்மா அவளைக் கூப்பிட்டு, உன்னட்டைப் பழக இனி என்ன கிடக்கு, போ எண்டு சொல்லிப்போட்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் களிம்பை மூடி வைத்தேன்.

அந்த மாரிகாலம் என் விசா முடிய ஆறு கிழமை இருந்தது. லாசப்பலில் தொலைபேசி அட்டை விற்கிற கடைக்காரர்தான் எங்கள் ஆட்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பார். என்னிலும் பத்து வயது குறைந்தவர், ஆனால் வாய் நீளம்.

"அக்கா, உங்கடை மதாமிட்டை ஒரு கடிதம் வேணும். இவ என்னட்டை வேலை செய்யிறா, இனியும் செய்வா எண்டு. நானே அடிச்சுத் தாறன். நீங்கள் கையெழுத்தை மட்டும் வாங்குங்கோ."

"வைப்பா."

"வைப்பா எண்டு விசா குடுக்கிற பிரிபெக்சரிலை போய்ச் சொல்லுவியளோ? கடுதாசியைக் கொண்டு வாங்கோ."

விசா போனால் வேலை போகும். வேலை போனால் மகன் வீட்டு மூலையில் இருந்து, மருமகள் போடுகிற சோற்றைப் போடுகிற நேரத்துக்குத் தின்ன வேண்டும். அதற்கு நான் பிறக்கவில்லை.

மதாம் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மடித்து, தன் கதிரைக்குப் பக்கத்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"நல்லாய் எழுதியிருக்கு. நீ எனக்கு முன்னாலை சார்ல்ஸ்டன் ஆடு. சரியாய் ஆடுற அண்டைக்குக் கையெழுத்து வைக்கிறன்."

பகிடி என்று நினைத்தேன். அடுத்த நாள் மூன்று மணிக்கு சீடியைப் போடச் சொன்னார். என் நீளப் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகச் சொன்னார். முழங்கால் தெரியாவிட்டால் அது சார்ல்ஸ்டன் இல்லையாம். என் முழங்காலை என் பிள்ளைகளே கண்டதில்லை.

கதிரை முதுகைப் பிடித்து, விரல்களை உள்ளே, குதியை வெளியே, பிறகு மாற்றி. பிறகு காலை முன்னுக்கு வீசி உதை. மதாம் ஊன்றுகோலால் நிலத்தில் தாளம் தட்டினார்.

"நீ ஆடுறியோ, நிலம் துடைக்கிறியோ?"

ஒரு கிழமையில் எனக்கு அடி பிடிபட்டுவிட்டது. நான் எதையும் கெதியாய்ப் பிடிப்பேன். ஆனால் உதைக்கிற இடம் வந்ததும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். எங்கள் ஆட்கள் மூத்தவர்களுக்கு நேரே கால் நீட்டுவதில்லை. கால் தவறிப் பட்டாலும் பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். தொண்ணூற்றேழு வயது மனுசியின் முகத்துக்கு நேரே நான் எப்படிக் கால் வீசுவது?

"ஜன்னலுக்கோ ஆடுறாய்? நான் இஞ்சை இருக்கிறன்."

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளங்கப்படுத்திப் பார்த்தேன்.

"கால் கால்தானே" என்றார். "உனக்கு ஏலாது. அதைச் சொல்லு."

ஐந்து கிழமை ஓடியது. ஒவ்வொரு நாளும் மூன்று மணி. லாச்சியைத் திறந்து, கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்து, திரும்ப மூடுவார்.

கடைசிக் கிழமை, கீழ்மாடியில் இருந்து இரண்டு மதாம்களைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருந்தார். நானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பிறகு அவர்களுக்கு முன்னால் என்னை ஆடச் சொன்னார்.

"முழங்காலைப் பாருங்கோ" என்றார் அவர்களிடம். "யானைக்குட்டியின்ரை மாதிரி."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருத்திக்குச் சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. நான்தானே துடைக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

பிறகு நான் திரும்பினேன். கதிரையை விட்டேன். மதாமின் முகத்துக்கு நேரே காலை வீசினேன்.

"இந்தா, இது உனக்கு" என்று தமிழில் சொன்னேன். மற்றக் கால். "இது உன்ரை தாய்க்கு." எங்கள் ஊர் வழக்கில் ஒருத்தி இன்னொருத்திக்குச் செய்யக்கூடிய கடைசி மரியாதைக்கேடு அது. தெரிந்துதான் செய்தேன். மூன்றாவது வீச்சில் என் பெருவிரல் அவருடைய முழங்காலில் பட்டது. என் கை தானாய்க் கீழே போனது, தொட்டுக் கண்ணில் ஒற்ற. அந்தக் கையை இழுத்து இடுப்பில் ஊன்றிக்கொண்டேன்.

மதாம் ஊன்றுகோலைக் கீழே போட்டார். கண்ணால் நீர் வடிந்தது.

"இதுதான்" என்றார் மற்ற இருவரிடமும். "அந்த மார்ட்டினிக்காரியும் அம்மாவுக்கு முன்னாலை இப்பிடித்தான். முகத்துக்கு நேரை. தன்ரை பாஷையிலை ஏதோ பாடிப் பாடி."

அவள் பாடவில்லை என்று எனக்கு விளங்கியது. மதாமுக்கு எண்பது வருடமாக விளங்கவில்லை. நானும் விளங்கப்படுத்தவில்லை.

அன்றைக்கே கையெழுத்து வைத்தார். கடைக்காரர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள் அக்கா?"

"அவவுக்குக் கை நடுங்குது" என்றேன்.

புது விசா அட்டை கைக்கு வந்த அடுத்த நாள், மூன்று மணிக்கு மதாம் சீடியைப் போடச் சொன்னார். போட்டேன். பிறகு அவருக்கு எதிரே இருந்து உருளைக்கிழங்கு தோல் சீவினேன்.

"முழங்கால் நோகுதோ?"

"இல்லை மதாம். நல்லாய் இருக்கு."

"அப்ப ஆடன்."

தோல் சீவினேன். பாட்டு முடிந்தது. சில்வூப்ளே என்றார். தயவுசெய்து என்கிற அந்தச் சொல்லை அவர் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கிழங்கைக் கழுவப் போனேன்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். நான் வேலையை விடவில்லை. குளிப்பாட்டு ஒருநாள் தவறவில்லை, சாப்பாடு ஒருநேரம் பிந்தவில்லை, முதுகில் ஒரு புண் வர விடவில்லை. என்னைப் போல ஒருத்தி அவருக்குக் கிடைத்திருக்க மாட்டாள். கேட்டபோதெல்லாம் பாட்டும் போட்டுக் கொடுத்தேன். ஆடவில்லை.

கடைசிக் கிழமை பேச்சு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தபடி, இரண்டு விரலால் கட்டில் விரிப்பில் தட்டினார். விரல் உள்ளே, வெளியே, பிறகு முன்னுக்கு ஒரு வீச்சு. என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. குளிராய் இருந்தது. அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்து, ஓரத்தை நன்றாய்ச் செருகிவிட்டேன்.