நூல் ஒட்டிய கார்

ராஜதுரைக்கு நாற்பத்தைந்து வயது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில், தூசி பிடிக்கும் பகுதியில் ஃபோர்மேன். ஆள் உயரத்துக்கு விசிறிகள் ஓடும். புழுதிக் காற்றை உறிஞ்சி நீளநீளமான துணிப் பைகளுக்குள் தள்ளும். புழுதி பையில் தங்கிவிடும், காற்று மட்டும் புகைபோக்கி வழியாகப் போய்விடும். எந்தக் குழாயில் காற்று ஒழுங்காக ஓடுகிறது, எந்த வளைவில் சுழன்று நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். இருபத்திரண்டு வருஷ வேலை அது.

வேலை முடிந்தால் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீட்டுக்குப் போவான். கல்யாணம் ஆகவில்லை. பார்க்காமல் இல்லை, பன்னிரண்டு வருஷம் பார்த்தார்கள். முதலில் செவ்வாய் தோஷம் என்றார்கள். அப்புறம் அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கையானாள், அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். அம்மா போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு முப்பத்தாறு. அதற்கப்புறம் வந்த இரண்டு இடமும் வயதைக் கேட்டதோடு சரி. லீவு நாளில் அவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை டீக்கடையில் "ஒரு டீ" என்பதாகத்தான் இருக்கும். பல நாள் அதுவே கடைசி வார்த்தையும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் காரை வாங்கினான். கோவாவில் ஒரு காலத்தில் கொஞ்சமாகச் செய்து விற்ற வண்டி. இரண்டே இருக்கை, மேலே மடக்கும் துணிக்கூரை, ஃபைபர் உடம்பு. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரின் கொட்டகையில் எலி கூடு கட்டிக் கிடந்ததை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒன்றரை வருஷம் உட்கார்ந்து சரி செய்தான். சிவப்புப் பெயிண்ட் அடித்தான். ஓடியது. ஆனால் ஒரு கோளாறு. வேகம் நூறைத் தொடும்போது பின்பக்கம் லேசாகிவிடும். சிறுவாச்சூர் பாலத்தின் மேல் ஒரு தடவை, யாரோ பின்னாலிருந்து வண்டியைத் தூக்கிப் பிடித்த மாதிரி ஆனது. ஸ்டீயரிங்கில் கை வழுக்கியது.

காற்றுதான் தூக்குகிறது என்று அவனுக்குச் சட்டென்று புரிந்தது. எங்கே தூக்குகிறது என்று பார்க்க வேண்டும். இணையத்தில் தேடியபோது, தன்னைப்போலவே காரை வைத்துக்கொண்டு காற்றைச் சோதிக்கிறவர்கள் புனேயிலும் கோயம்புத்தூரிலும் ஒரு குழுவாக இருப்பது தெரிந்தது. யாரும் பெரிய கம்பெனிக்காரர்கள் இல்லை. வேலைநாளில் வேறு வேலை, ஞாயிற்றுக்கிழமையில் இது. அவர்களிடம் கற்றுக்கொண்டதுதான் நூல். உல்லன் நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை மட்டும் டேப் போட்டு வண்டி முழுக்க வரிசையாக ஒட்டிவிட வேண்டும். ஓடும்போது காற்று வழுக்கிப் போகிற இடத்தில் நூல் நேராகப் படுக்கும். காற்று பிரிந்து சுழல்கிற இடத்தில் துடிக்கும், சில சமயம் முன்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும்.

சோதனைக்கு ஆகிற செலவு ஒரு உருண்டை நூல். ஆனால் பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவர் ஒரே வேகத்தில், ஒரே இடைவெளியில் வந்து படம் எடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கியது. மூங்கிலை வண்டியின் பின்னால் நீட்டிக் கட்டி, அதில் போனை மாட்டிப் பார்த்தான். ஆடிய ஆட்டத்தில் படம் ஒன்றும் தேறவில்லை. ஆலையில் கூட வேலை பார்க்கும் தமிழழகன் ஒரு ஞாயிறு வந்தான். அடுத்த ஞாயிறு மகளுக்குக் காதுகுத்து என்றான். அதற்கடுத்த ஞாயிறு போனை எடுக்கவில்லை. தங்கை லீலாவதியின் வீட்டுக்காரர் ஆசையாகத்தான் வந்தார். ஆனால் முன்னால் ஒரு வண்டி போவதை அவரால் பொறுக்க முடியாது. ஐந்தாவது கிலோமீட்டரில் ராஜதுரையையே முந்திக்கொண்டு கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

படம் இல்லாமலே கணக்குப் போட்டு, எட்டு மாதம் செலவழித்து, காற்றே பின்பக்கத்தைக் கீழே அமுக்கட்டும் என்று அலுமினியத் தகட்டில் ஒரு றெக்கை செய்து டிக்கியின் மேல் பொருத்தினான். அழகாகத்தான் இருந்தது. வேலை செய்கிறதா என்றுதான் தெரியவில்லை.

போன மாசி மாதம் லீலாவதி குரும்பலூரிலிருந்து போன் செய்தாள். "அண்ணே, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வூட்டுக்கு வா. ஒரு எடம் வந்திருக்கு. தா.பழூர்க்காரங்க. எட்டு வருஷத்துக்கு முன்னாடி வெவாகரத்து ஆனவங்க, புள்ளைங்க இல்ல. ஜெயங்கொண்டத்துல பொம்பளைங்களுக்கு கார் ஓட்டக் கத்துத் தராங்க. நல்ல சட்டையா போட்டுக்கிட்டு வா."

நல்ல சட்டைதான் போட்டுக்கொண்டு போனான். ஆனால் காலையில் தனியாக ஒரு ஓட்டம் பார்த்திருந்ததால் வண்டி முழுக்க வெள்ளை நூல் ஒட்டியபடியே போய் நிறுத்தினான். லீலாவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

சண்முகப்பிரியா அண்ணனோடு வந்திருந்தாள். முப்பத்தொன்பது வயது, கையில் சாதாரண வாட்ச், நேராகப் பார்த்துப் பேசும் பழக்கம். உள்ளே பெரியவர்கள் பேசியதையே பேசிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க இது, கண்ணு படாம இருக்கக் கட்டினதா?"

ராஜதுரை விளக்கினான். ஒரு நூலைக் கையில் பிடித்து ஊதிக் காட்டினான். கூரை முடியும் இடம், கண்ணாடி, றெக்கை என்று சுற்றிச் சுற்றி வந்து முக்கால் மணி நேரம் பேசினான். அவள் நடுவில் நல்ல கேள்விகளாகவே கேட்டாள்.

"பின்னாடி ஓட்ட ஆளு இல்லைங்கறீங்க?"

"யாருக்கும் வேகத்தை ஒரே மாதிரி பிடிக்க வரலைங்க."

"நான் ஓட்டுறேன். காலையில ஆறு மணின்னா வருவேன். பதினோரு மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்கு."

அடுத்த ஞாயிறு பாடாலூரில் கூடினார்கள். லீலாவதி தன் வீட்டு வெள்ளைக் காரை சண்முகப்பிரியாவிடம் கொடுத்துவிட்டு, "நான் டீக்கடையில உக்காந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று வேண்டுமென்றே இறங்கிக்கொண்டாள். ராஜதுரை தன் இன்னொரு போனை வெள்ளைக் காரின் முன்கண்ணாடிக்கருகே மாட்டி வீடியோவை ஓட விட்டான். பேசுவதற்கு அவள் போனிலிருந்து இவனுக்கு ஒரு அழைப்பு. அவள் பக்கம் அது கார் ஸ்பீக்கரில் கேட்கும். இவன் இயர்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டான்.

காற்று அசையவே இல்லை. சென்னைச் சாலையில் பெரம்பலூர் பக்கமாக இரண்டு வண்டியும் கிளம்பின. அறுபதில் ஒரு ஓட்டம், எண்பதில் இரண்டு. இடைவெளி கயிறு பிடித்து அளந்த மாதிரி இருந்தது. லாரி குறுக்கே வந்தால் ஒதுங்குவாள், மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்பாள். கண்ணாடியில் அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துணிக்கூரை படபடவென்று அடித்ததில் அவள் பேசியதில் பாதி காதில் விழவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் ஒன்று மட்டும் தெளிவாக விழுந்தது.

"ஏங்க, றெக்கை மேல இருக்கற நூல் ஒண்ணுகூட நேரா நிக்கலைங்க. எல்லாம் முன்னாடி மடங்கிக் கெடக்கு."

கூரையிலிருந்து பிரிந்த காற்று றெக்கையைத் தொடவே இல்லை, அதன் தலைக்கு மேலேயே போய்விடுகிறது. எட்டு மாத வேலை சும்மா அலங்காரத்துக்கு நின்றிருக்கிறது. அவனுக்கு வருத்தமே வரவில்லை. கடைசியில் தெரிந்துவிட்டதே என்று நிம்மதியாகத்தான் இருந்தது. டீக்கடையில் செய்தித்தாளைக் கிழித்து, காரைப் பக்கவாட்டில் வரைந்து, காற்று எங்கே பிரிகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினான். எதிரே உட்கார்ந்து அவள் டீ குடித்தாள். ஒன்பது மணிக்கு, "கெளம்பறேங்க" என்றாள். "ரொம்ப நன்றிங்க, பிரமாதமா ஓட்டினீங்க" என்றான் அவன்.

புதன்கிழமை லீலாவதி கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்தது.

"வேணாம்னுட்டாங்கண்ணே."

"ஏன்?"

"நல்ல மனுஷன்தான், ஆனா சரியா வராதுன்னு சொன்னாங்க. அதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வரல."

அவன் அந்த வீடியோவை அதற்குள் இருபது தடவை பார்த்திருந்தான். எல்லாம் சத்தத்தை அணைத்துவிட்டு. நூலைப் பார்க்கச் சத்தம் எதற்கு? அன்று சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்தவன், சாப்பிடாமல் கட்டிலில் உட்கார்ந்து, முதல் தடவையாகச் சத்தத்தோடு போட்டான்.

வெள்ளைக் காருக்குள் அமைதியாக இருந்தது. சண்முகப்பிரியாவின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது.

"எத்தனை வருஷமாத் தனியா இருக்கீங்க?"

ஸ்பீக்கரில் அவன் குரல் கத்தியது: "எண்பதுலயே வைங்க!"

அவள் சிரித்தாள். கொஞ்ச தூரம் போனது.

"சமையலெல்லாம் நீங்களேதானா?"

"கொஞ்சம் லெஃப்ட்ல வாங்க, லெஃப்ட்ல!"

இந்தத் தடவை சிரிப்பு இல்லை. ஒரு பஸ் முந்திக்கொண்டு போனது. பாலம் ஒன்று வந்தது. பாலத்தைத் தாண்டியதும், கேட்பதற்காக இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வது போல அவள் சொன்னாள்: "எனக்கும் சாயங்காலமானாத்தாங்க ஒரு மாதிரியா இருக்கும்."

"சூப்பர்! அப்படியே வைங்க!" என்றது ஸ்பீக்கர்.

ராஜதுரை போனைக் கவிழ்த்து வைத்தான். எழுந்து போய் முகம் கழுவினான். திரும்பி வந்து அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை கேட்டான். பிறகு அவள் எண்ணைத் தேடிப் போட்டான்.

"நான் ராஜதுரை பேசறேங்க. பாடாலூர்... வீடியோவை இன்னைக்குத்தாங்க சத்தத்தோட கேட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"காத்துச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் விழலைங்க. நெசமாத்தான்."

"தெரியும்ங்க. அப்பவே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏங்க..."

"டீக்கடையில காத்து இல்லையேங்க" என்றாள் அவள். கோபம் இல்லாத குரல். "ரெண்டு மணி நேரம் அங்க உக்காந்திருந்தோம். நீங்க ஏதாச்சும் ஒண்ணு என்னையப் பத்திக் கேப்பீங்கன்னு பாத்தேன். தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணும் கொறை இல்ல. நான் ஏற்கெனவே பேச்சில்லாத வூட்ல ஆறு வருஷம் இருந்துட்டு வந்தவ."

"ஒம்பது வருஷம்ங்க" என்றான் ராஜதுரை. "நீங்க கேட்டது. அம்மா போயி ஒம்பது வருஷம்."

"சரிங்க" என்றாள். "றெக்கையக் கழட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"கழட்டிருங்க. போனை வச்சிரட்டுமா?"

பங்குனியில் றெக்கையைக் கழற்றினான். அதற்குப் பதிலாக, காற்றைக் கீழே திருப்பிவிட, கூரை முடிகிற விளிம்பில் மூன்று அங்குல அகலத்தில் ஒரு பட்டியை ஒட்டினான். பின்னால் ஓட்டுவதற்கு அங்கமுத்து என்ற ஆக்டிங் டிரைவரை ஏற்பாடு செய்தான். அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன பாடாலூர்க்காரர், கூலிக்கு எந்த வண்டியையும் ஓட்டுவார். சண்முகப்பிரியா அளவுக்கு இல்லை, ஆனாலும் கை நிதானம். மூன்றாவது வாரம் நூல்கள் டிக்கி வரைக்கும் படுத்துக்கொண்டன. நூறில் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு போனது. இத்தனை வருஷக் கோளாறு தீர்ந்தது. சொல்லிக்கொள்ள யாரும் இல்லாததால், பட்டி ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு வீடியோவையும் சத்தத்தை நீக்கிவிட்டுக் குழுவில் போட்டான்.

நிறையப் பேர் பாராட்டினார்கள். புனேக்காரர் ஒருவர், முதல் வீடியோவில் பின்னால் ஓட்டியது யார், கை அசையவே இல்லையே என்று கேட்டிருந்தார். ராஜதுரை ஒன்று எழுதினான், அழித்தான். கடைசியில் 'தெரிந்தவர்கள்' என்று போட்டான். போட்ட பிறகு, என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தான். ஊர் தெரியும், வேலை தெரியும். எண்பதை எண்பதாகவே பிடிப்பாள். சாயங்காலம் அவளுக்கு ஒரு மாதிரியாக இருக்கும். அவ்வளவுதான்.

அதற்கடுத்த ஞாயிறு சைடு கண்ணாடிகளைச் சோதிப்பதாக இருந்தது. பாடாலூர் டீக்கடையில் அங்கமுத்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ராஜதுரை நூல் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"உங்க வூட்ல எத்தனை பேருங்க?"

அங்கமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று வாரமாக வேகத்தைத் தவிர வேறு பேசாத ஆள். பிறகு ஆரம்பித்தார். மூத்த மகள் ஓசூரில், சின்னவன் திருப்பூரில், இவரும் மனைவி சிந்தாமணியும் மட்டும் இங்கே, அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி, பேரன் போனில்கூடப் பேசுவதில்லை. ராஜதுரை நடுவில் பேசாமல் கேட்டான். இன்னொரு டீ சொன்னான். அவர் நிறுத்தியபோது மணி ஏழரை. வெயில் ஏறிவிட்டது, சாலையோரத்துச் சோளக்கொல்லையில் காற்று புகுந்து விளையாட ஆரம்பித்திருந்தது. இனிமேல் நூல் ஒட்டினாலும் உண்மை சொல்லாது.

"காத்து வந்துருச்சே சார்" என்று அங்கமுத்து சங்கடப்பட்டார். "என்னால இன்னைக்கி வேலை கெட்டுச்சு."

"பரவால்லைங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

கார் ஏறி அரியலூருக்குத் திரும்பினான். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. வீட்டுக்குப் போய் உலை வைத்தான்.