சிவலட்சுமி பார்த்த பழைய ஊர்கள்

வட்டக்கச்சியில் சிவலட்சுமியின் வளவுக்குள் ஒரு வீடும் ஓர் அத்திவாரமும் இருந்தன. மண்சுவரும் வைக்கோல் கூரையுமான வீட்டில் அவள் குடியிருந்தாள். அத்திவாரம், லண்டனில் இருக்கும் மகன் தவராசா எழுபத்தெட்டில் காசு அனுப்பி, நல்ல நாள் பார்த்துப் போடுவித்தது. நாலு வருடமாக அதற்குமேல் ஒரு கல் ஏறவில்லை. அயலட்டை ஆடுகள் அதில் ஏறிப் படுத்து அசைபோட்டன. ஊர்ச்சனம் வழிசொல்லும்போது ‘லண்டன் அத்திவாரத்துக்கு அங்கால’ என்று சொல்லப் பழகிவிட்டது.

காடு வெட்டிக் குடியேறிய காலத்தில் வடமராட்சியிலிருந்து புருசனோடு வந்தவள் அவள். ஒவ்வொரு மாரிக்கு முன்னும் இருவருமாகக் கூரை மேய்வார்கள். மேய்ந்தாலும் ஒழுகும். ஒழுகும் இடத்துக்கெல்லாம் சட்டி வைத்து, கடைசியில் சமைக்கச் சட்டி இருக்காது. ஒருமுறை யானை நெல்மணம் பிடித்து வந்து, மூட்டையோடு கூரையில் பாதியையும் இழுத்துக்கொண்டு போனது. ஓட்டு வீட்டில் ஒரு மாரியாவது படுக்கவேண்டும் என்பது அவள் புருசன் கனகலிங்கத்தின் ஆசை. மனிதர் அதைக் காணாமலே போய்ச் சேர்ந்தார்.

செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை இருந்த காலத்தில் அவளே கட்டியிருக்கலாம். “அந்தக் காசில என்னை அனுப்பிவிடுங்கோ அம்மா, நான் கட்டித்தாறன்” என்றான் மகன். பெற்ற வயிறு, நம்பியது. அவன் லண்டன் போன கையோடு வெளிநாட்டு மிளகாய் கப்பலில் வந்து இறங்க, இவளுடைய மிளகாயை ஏனென்று கேட்க ஆளில்லாமல் போயிற்று.

எண்பத்திரண்டில் மருமகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று டிக்கெட் வந்தது. மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு காயவைத்த ஒடியலும் பெட்டிக்குள், சுவர் எப்போது எழும்பும் என்ற கேள்வி நெஞ்சுக்குள். அங்கே போய் ஒரு மாதமாகியும் கேட்க வாய்ப்பில்லை. மகன் காலையில் போனால் பொழுதுபட வருவான், வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொள்வான். கடைசியில் ஒரு சனிக்கிழமை, “அம்மா, பழைய ஊருகள் பாக்கப் போவம்” என்று காரை எடுத்தான். சிவலட்சுமிக்கு ஊர் பார்க்கும் ஆசை மருந்துக்கும் இல்லை. ஆனால் ஓடுகிற காரிலிருந்து மகன் எங்கே இறங்கி ஓடப்போகிறான் என்று நினைத்து ஏறினாள்.

முதல் ஊரில் ஒரு கோட்டை. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் அரைச்சுவர்தான் நிற்கிறது, கூரையே இல்லை.

“இதென்ன, கட்டி முடிக்கேல்லையோ?”

“அறுநூறு வருசப் பழசு அம்மா.”

“எங்கட அத்திவாரமும் நாலு வருசமா...”

“அங்க பாருங்கோ, தண்ணியில அன்னம் போகுது” என்றான் தவராசா.

இரண்டாம் ஊரில் மரத்தூண்கள் தாங்கிய ஒரு பழைய சந்தை. அதில் வாங்கவும் ஒன்றுமில்லை, விற்கவும் ஆளில்லை. எல்லாரும் தூணைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தேவாலயத்தில் செத்தவர்களை நிலத்தில் புதைத்து, மேலே கல் பாவியிருந்தார்கள். அந்தக் கற்களில் கால் படாமல் அவள் வரம்பில் நடப்பதுபோல ஓரமாக நடந்தாள். வெளியே வந்து மறுபடியும் அத்திவாரக் கதையைத் தொடங்கினாள். மகன் கையிலிருந்த புத்தகத்தை விரித்து, எந்த அரசன் எந்த வருடம் வந்தான் என்று வாசிக்கத் தொடங்கினான். தேத்தண்ணி குடிக்கப் போன கடையின் உத்தரம் பதிவு, குனிந்துதான் போகவேண்டும். தவராசாவின் தலை ‘டங்’கென்று அடிபட்டது. வருகிறவர்கள் எல்லாருக்கும் அடிபடுமாம், அவ்வளவு பழைய கடையாம் என்று தலையைத் தடவியபடி பெருமையாகச் சொன்னான்.

மூன்றாம் ஊரில் சிவலட்சுமி காரால் இறங்கி அப்படியே நின்றுவிட்டாள். தெரு நெடுக மண்ணும் மரமும் வைத்துக் கட்டிய வீடுகள், எல்லாம் வைக்கோல் கூரை. வெள்ளைக்காரர் அவற்றைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மேஞ்சவன் வேலை தெரிஞ்சவன்தான்” என்றாள். இருந்தாலும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. “பாவங்கள். உந்த வீட்டுக்காரருக்கு உழைக்கிற பிள்ளையள் இல்லையோ தம்பி?”

தவராசா காற்சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு திறப்பை எடுத்து, மூன்றாவது வீட்டின் கதவைத் திறந்தான்.

“ஆற்ற வீடடா?”

“எங்கட வீடுதான் அம்மா. போன மாசம் வாங்கி எழுதினனாங்கள். இஞ்ச இப்பிடி வீட்டுக்குத்தான் மதிப்பு.” பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அங்க கட்டச் சேர்த்த காசும் இதுக்குள்ள போட்டிட்டன்.”

அவள் எந்தக் கூரைக்குக் கீழிருந்து இவனை வெளியே எடுக்க அந்தப் பாடு பட்டாளோ, அதே கூரையைக் கடல் கடந்து வந்து வாங்கியிருக்கிறான். நிமிர்ந்து முகட்டை ஒருமுறை பார்த்தாள்.

“மழைக்கு ஒழுகாதோ?”

“முப்பது வருசத்துக்கு ஒழுகாதாம்.”

“ஆர் சொன்னது?”

“வித்தவர்.”

திரும்பும் வழியில் அத்திவாரம் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. அம்மாவுக்கு வீடு நல்லாய்ப் பிடித்துவிட்டது என்று தவராசா மனைவியிடம் சொன்னான்.

ஊருக்கு வந்ததும் பக்கத்து வளவு அன்னபாக்கியம் ஓடிவந்து விசாரித்தாள்.

“மகன் வீடு வாங்கியிட்டான்.”

“கல்வீடோ அக்கா?”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சிவலட்சுமி. “மண்வீடு. வைக்கோல் கூரை. வாசல் பதிவு.”

மறுநாள் விடியமுன் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. தவராசா லண்டனில் கஷ்டப்படுகிறானாம், ஒரு ஓட்டுக்குக்கூட வழியில்லையாம். அன்னபாக்கியம் ஒரு பை புழுங்கலரிசியைக் கொண்டுவந்து வைத்தாள். “ஆரும் போனால் குடுத்துவிடுங்கோ அக்கா. பெடியன் பாவம்.” அன்றோடு ‘லண்டன் அத்திவாரம்’ என்று யாரும் வழிசொல்லவில்லை. நொந்தவனைக் கேலிபண்ண வட்டக்கச்சிச் சனத்துக்கு மனம் வராது.

சிவலட்சுமி ஆடுகளைத் துரத்திவிட்டு வேலையைத் தொடங்கினாள். ஒரு போகத்து நெல்லில் யன்னல் மட்டத்துக்குச் சுவர், அடுத்த போகத்தில் மேற்சுவர். சீமெந்து கிடைத்தால் கட்டினாள், கிடைக்காவிட்டால் காத்திருந்தாள். எண்பத்தாறில் ஓடு ஏறியது. ஐப்பசி மழை தொடங்கிய அன்று கதிரையைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்க உள்ளே இருந்தாள். ஒரு சட்டிகூட வைக்கவேண்டி வரவில்லை. கனகலிங்கத்தை நினைத்துக் கொஞ்சநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு மகனுக்கு எழுதினாள்.

“தம்பி, கல்வீடு முடிஞ்சுது. ஒரு அறை உனக்கெண்டு விட்டிருக்கிறன். அங்க ஒழுகத் தொடங்கினால் யோசியாமல் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா.”