கொட்டகைக்குக் குடிவந்த ஆந்தைகள்

எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். அசாம் ஜாவா என்ற இந்த ஊருக்கு நாங்கள் குடிவந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. என் கணவர் தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அங்கே ஆட்களைக் குறைத்தபோது வீட்டோடு வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு கம்பி வேலி. அதன்மேல் கையூன்றி நின்று நாங்கள் பேசாத விஷயம் கிடையாது. அவர் கணவர் பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் ஏதாவது ஒரு ஸ்பேனர் இருக்கும். பின்பக்கம் பலகையும் தகரமும் வைத்து ஒரு கொட்டகை கட்டி, பழுதான மோட்டார்களை அதற்குள் வைத்து நோண்டிக்கொண்டிருப்பார்.

தோட்டத்தில் எலித் தொல்லை அதிகம். செம்பனைப் பழத்தை எலி கடித்து வைத்துவிடும். அந்த எலியைப் பிடிக்க ஆந்தை வேண்டும் என்று நிர்வாகம் அங்கங்கே கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி வைத்திருந்தது. அதில் ஒரு பெட்டி கால்வாய்க்கு அந்தப் பக்கம், அக்கா வீட்டுப் பின்கதவுக்கு நேராக இருந்தது.

போன வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில் அக்காவின் கணவர் இறந்துபோனார். மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அதற்கு முந்தின சில நாட்களாக, பொழுது சாயும் நேரத்தில், அந்தப் பெட்டியின் ஆந்தை அவர்கள் கூரையில் வந்து உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. அது நாம் கதையில் கேட்கிற மாதிரி அலறாது. கெட்டித் துணியை யாரோ ஒரே இழுப்பில் கிழிப்பது போல ஒரு சத்தம். கருமாதி முடிந்த கையோடு அக்கா இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். அது வந்து கூப்பிட்டது, இவர் போய்விட்டார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள், சகுனம் பார்ப்பதில்லை. அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் என் கை தானாகச் சிலுவை போட்டுக்கொள்ளும். பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்களும் அதை பூரோங் ஹந்து, பேய்ப் பறவை என்றுதான் சொல்வார்கள். அந்த வட்டாரத்தில் ஆந்தைக்குப் பரிந்து பேச ஆள் இல்லை.

பெட்டியைக் கழற்றிவிடச் சொல்லி அக்கா தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோரிடம் கேட்டார். அவரும் அக்காவின் கணவருக்குத் தெரிந்தவர், முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. ஆகட்டும் ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அக்கா பின்கதவைத் திறப்பதை நிறுத்திவிட்டார். துணியைக்கூட முன்வாசலில் உலர்த்தினார். கொட்டகைக்குப் போட்ட பூட்டு போட்டபடி கிடந்தது. வேலிப் பேச்சும் நின்றுபோனது. ராசா என்ற ஊரில் இருக்கும் மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா போகவும் இல்லை, இங்கே இருக்கிற மாதிரியும் இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் பெரிய புயல்மழை அடித்தது. எதிர்வீட்டுக் கூரைத்தகடு ஒன்று பறந்து எங்கள் வாசலில் விழுந்தது. விடிந்தபோது முச்சந்தியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. லோரி போகாது என்று என் கணவர் காப்பியோடு உட்கார்ந்துவிட்டார். அப்போது பின்பக்கமிருந்து அக்கா என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். பின்கதவு விரியத் திறந்திருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் கம்பம் அடியோடு சாய்ந்து, பெட்டி வாழைப் புதரில் விழுந்து கிடந்தது. அக்கா சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். கையில் துணி துவைக்கும் கூடை. கூடைக்குள் மூன்று ஆந்தைக் குஞ்சுகள்.

அவ்வளவு அவலட்சணமான குஞ்சுகளை நான் பார்த்ததே இல்லை. அழுக்குப் பஞ்சை உருட்டி, மூக்கு ஒட்டிவைத்த மாதிரி இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம், ஒன்று கைக்குள் அடங்குகிற அளவு. மூன்றும் சேர்ந்து, குக்கரில் ஆவி கசிவது போல விடாமல் சீறின.

"நீங்களா தூக்குனீங்க?" என்று கேட்டேன்.

"வேற யாரு தூக்குவா? விடியக்காலையில இருந்து கத்துதுங்க. தாயும் இல்ல, தகப்பனும் இல்ல. எப்படிக் கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்கார்றது?" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இருந்தது. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை.

என் கணவர் வனவிலங்கு இலாகாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசிய மலாய்ப் பெண் பொறுமையாக எல்லாம் விளக்கினார். சாலையில் தண்ணீர் வடிந்தால்தான் ஆள் வர முடியும். அதுவரை பால், சோறு, ரொட்டி எதுவும் கொடுக்கக் கூடாது. பச்சை இறைச்சியைச் சிறிதாக நறுக்கிக் கொடுக்கலாம். முக்கியமாக, பெட்டியைப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே உயரமாகக் கட்டிக் குஞ்சுகளை உள்ளே விட்டால், சத்தம் கேட்டுப் பெற்றவை தேடி வரும் என்றார்.

புரட்டாசி மாதம் அக்கா வீட்டில் முட்டைகூட நுழையாது. என் குளிர்பெட்டியிலிருந்த கோழியை நான் நறுக்கி எடுத்து வந்தேன். நான் நீட்டினால் மூன்றும் பின்னால் சாய்ந்து நகத்தைக் காட்டின. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினார். பின்பக்கக் குழாயடியில் குந்தி, ஒரு துண்டை விரல் நுனியில் பிடித்து, பெரியதின் அலகோரத்தில் மெதுவாகத் தொட்டார். அது லபக்கென்று விழுங்கியது. அடுத்தது நடுவுள்ளது. சின்னது வாயைத் திறக்க வெகுநேரம் ஆனது. "சாப்புடு சாமி, சாப்புடு" என்று அதனிடம் கெஞ்சினார். எல்லாம் முடிந்த பிறகு தலைக்குக் குளித்துவிட்டுப் போய் விளக்கேற்றினார். சாமி கோபித்துக்கொள்ளாதா என்று கேட்டேன். "பசிக்குப் போட்டதுக்குக் கோவிச்சா, அது என்னா சாமி?" என்றார்.

பெட்டியை எங்கே கட்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி. புதுக் கம்பம் நட ஒரு வாரமாவது ஆகும் என்றார், சாய்ந்ததைப் பார்க்க வந்த மண்டோர். கால்வாய்க்கு இந்தப் பக்கம் உயரமாக இருந்தது அக்கா வீட்டுக் கொட்டகை மட்டும்தான். அதற்கு ஏணி வேண்டும். ஏணியும் கொட்டகைக்குள்ளேதான் இருந்தது.

அக்காவே உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார். பூட்டு துருவேறியிருந்தது. என் கணவர் எண்ணெய் விட்டுத் திறந்தார். உள்ளே அக்காவின் கணவர் வைத்துவிட்டுப் போனபடியே எல்லாம் இருந்தன. பாதி பிரித்த மோட்டார், கழுவாத காப்பிக் கோப்பை, சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ். அக்கா பூட்ஸைக் குனிந்து எடுத்து, ஒன்றோடு ஒன்று தட்டி மண்ணை உதிர்த்தார். சுவரோரம் நேராக வைத்தார். பிறகு அங்கேயே நின்று அழுதார். காரியங்களின்போதுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்கள் ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

தோட்டத்தில் குலை வெட்டும் வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் ஏறி, பெட்டியைக் கூரை முகட்டுக்கு அடியில் கம்பியால் இறுக்கிக் கட்டினார். குஞ்சுகளை ஒவ்வொன்றாக அக்காதான் எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். கொசு பிடுங்கியது. வெளிச்சம் குறையக் குறையப் பெட்டிக்குள் சீற்றம் கூடியது. வராவிட்டால் என்ன செய்வது என்று அக்கா கேட்டார். நான் மனதுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆந்தை வரவேண்டும் என்று ஜெபம் செய்த கிறிஸ்தவர்கள் எங்கள் பங்கில் வேறு யாராவது உண்டா, தெரியாது.

செம்பனைகளுக்கு நடுவிலிருந்து வெள்ளையாக ஏதோ வந்தது. இறக்கைச் சத்தமே இல்லை. கம்பம் இருந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றியது, கத்தியது. அதே கிழிக்கிற சத்தம். அக்காவின் கை என் கையைப் பற்றியது. அது போய்விட்டது என்றே நினைத்தோம். மறுபடி வந்தபோது நேராகக் கொட்டகை முகட்டில் இறங்கியது. காலில் ஒரு எலி தொங்கியது. தட்டு மாதிரி வெள்ளை முகத்தைத் திருப்பி எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தது. பெட்டிக்குள் சீற்றம் கூச்சலாகி, பிறகு அடங்கியது.

அக்கா என் கையை விட்டார். "அன்னைக்குக் கூரையில உக்காந்து கத்துச்சே, அது இவரத்தான் கூப்புட்டுச்சின்னு நெனச்சேன். அதுக்கும் அப்ப பிள்ளைங்க இருந்திருக்கும் லா."

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. சின்னக் குஞ்சு பிழைக்கவில்லை. ஒரு நாள் காலையில் கொட்டகைக்குக் கீழே கிடந்தது. அக்கா வாழையடியில் குழி தோண்டிப் புதைத்தார். மற்ற இரண்டும் கிடுகிடுவென்று வளர்ந்தன. பஞ்சு உதிர்ந்து பொன்னிற இறகு வந்தது. பொழுது சாய்ந்ததும் முகட்டில் நின்று தலையை வட்டமாக ஆட்டி எங்களை வேடிக்கை பார்க்கும். இலாகாவிலிருந்து வந்த அதிகாரி பார்த்துவிட்டு, பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வேலிப் பேச்சு மறுபடி தொடங்கியது. பேச்சில் பாதி ஆந்தையைப் பற்றி.

அந்தச் சமயம்தான் தோட்டத்தில் எலிவிஷம் வைக்கப்போவதாகச் செய்தி வந்தது. விஷம் தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் சாகும். அக்கா குடையை எடுத்துக்கொண்டு மண்டோர் வீட்டுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். மண்டோருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னாக்கா, நேத்து வரைக்கும் பெட்டியக் கழட்டு கழட்டுன்னீங்க?"

"அது நேத்து," என்றார் அக்கா.

மேனேஜரிடம் சொல்லிப் பார்ப்பதாக மண்டோர் சொன்னார். எங்கள் பக்கத்து நிரைகளில் விஷம் வைக்கவில்லை. அக்கா கேட்டதாலா, ஆந்தைகளே போதும் என்று நிர்வாகம் முடிவு செய்ததாலா என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா தான் கேட்டதால்தான் என்று நம்புகிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

அந்த வருடம் அவர் வீட்டில் தீபாவளி இல்லை. மகளோடு இருந்துவிட்டு வர ராசாவுக்குப் போனார். அங்கேயே தங்கிவிடுவார் என்று நான் பயந்தேன். வாரம் முடிவதற்குள் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மகள் வீட்டைச் சுற்றி ஒரே கடைகள், ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை என்று குறைப்பட்டார். மகள் இப்போது மாதம் ஒருமுறை இங்கே வருகிறாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், மீன் வாங்கப் பாசிர் பெனம்பாங் போகலாமா என்று அக்காவே கேட்டார். படகுத்துறையில் கழித்துப்போட்ட மீனுக்காகச் செம்பருந்துகள் ஆற்றின்மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தன. நான் இறாலுக்கு விலை பேசிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். பலகைப் பாலத்தின் கோடியில், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி நின்றார்.

"தங்கச்சி, இங்க வா. இதுங்க எங்க கூடு கட்டும்?" என்றார்.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த சீனப் பெரியவரைக் கேட்டோம். அவர் ஆற்றின் எதிர்க்கரையில் அலையாத்தி மரங்களைக் கையால் காட்டினார். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட ஆரம்பித்தார்.