மச்சானுக்குச் செய்த துப்பாக்கி

வடக்கு ஆற்றில் பனிக்கட்டி உடைந்து மிதந்த ஒரு மார்ச் மாதத்தில் மாவுமில்காரர் கெர்ரிட்டின் படகு கவிழ்ந்தது. ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். துப்பாக்கியைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. அவருடைய அப்பா காலத்துத் துப்பாக்கி அது. ஒரே வெடியில் அதற்கு ஏழு வாத்து விழுந்த கதையை ஈசோபஸ் ஊரில் கேட்காதவர்கள் கிடையாது. இன்னொரு தடவை கேட்க விரும்பியவர்களும் கிடையாது.

மறுநாள் காலையிலேயே அவர் தங்கை லீஸ்பெட்டின் வீட்டுக்கு வந்துவிட்டார். அவள் கணவன் பாரெண்ட் துப்பாக்கிக் கொல்லன்.

“மாப்ளே, எனக்கு ஒண்ணு செஞ்சு குடு. அப்பா வச்சிருந்ததைவிட நீளமா.”

“எவ்வளவு நீளம், மச்சான்?”

“ஏழடி.”

“ஏழடியா? அதைத் தூக்கி நிறுத்தவே ரெண்டு ஆள் வேணும்.”

“செய்யிறது உன் பாடு. தூக்குறது என் பாடு.”

பாரெண்ட் மறுக்க வாயெடுத்தான். அடுப்படியிலிருந்து லீஸ்பெட் எட்டிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான்.

அந்த ஆற்றங்கரையில் மற்றக் கொல்லர்கள் குழலையும், பொறி தட்டிச் சுடவைக்கும் பூட்டையும் கடல் தாண்டி ஆம்ஸ்டர்டாமிலிருந்து கப்பலில் வரவழைத்து, மரக்கட்டையை மட்டும் இங்கே செதுக்கிப் பொருத்திக் கொடுத்தார்கள். பாரெண்டும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தான். வாங்கிய குழல் ஒன்று வெடித்து இடது கைச் சுண்டுவிரலைக் கொண்டுபோன நாளிலிருந்து அடுத்தவன் அடித்த குழலை அவன் தொடுவதில்லை. இரும்பை அடித்துக் குழலாக்குவது, பூட்டின் வில்கம்பியையும் திருகாணியையும் அரத்தால் ராவி எடுப்பது, கட்டை செதுக்குவது எல்லாம் அவன் கைதான். வருஷத்துக்கு மூன்று துப்பாக்கி, மிஞ்சிப்போனால் நான்கு. வேலை நடக்கும்போது யாரும் பேசினால் அவனுக்கு ஆகாது. கெர்ரிட்டுக்கோ பேசாமல் இருக்கத் தெரியாது.

தினமும் வந்தார். தானியத்தைக் கொட்டிவிட்டு நேராக இங்கே வந்து, கரித்தொட்டியின் மேல் உட்கார்ந்துகொள்வார்.

“மில்லு ஓடுதா மச்சான்?”

“தண்ணி ஓடுது, கல்லு ஓடுது. நான் வேற எதுக்கு ஓடணும்?”

குழல் அடிப்பது பொறுமையான வேலை. இரும்புப் பட்டையைக் கம்பியைச் சுற்றி வளைத்து, ஒரு சாண் நீளத்தை வெள்ளையாகக் காய்ச்சி, அது ஆறுவதற்குள் இரண்டு விளிம்பையும் ஒன்றோடொன்று அடித்து ஒட்டவைக்க வேண்டும். பிறகு அடுத்த சாண். லீஸ்பெட் துருத்தியையும் இழுப்பாள், சம்மட்டியும் போடுவாள். அவள் கைக்கு ஊரில் பாதி ஆண்கள் ஈடுகொடுக்க முடியாது. ஏழடித் துப்பாக்கிக்கு அப்படி நான்கு துண்டு அடித்து, அவற்றையும் முனையோடு முனை ஒட்ட வேண்டும்.

மூன்றாவது ஒட்டுக்காக இரும்பு உலையை விட்டு வெளியே வந்த நொடியில் கெர்ரிட் கேட்டார்: “லீஸ்பெட், நம்ம அப்பா துப்பாக்கி ஆறடியா, ஆறரை அடியா?”

சம்மட்டியை ஓங்கியவள் யோசித்தாள். “ஆறரைன்னு நினைக்கிறேன் அண்ணே.”

“அடி” என்றான் பாரெண்ட்.

“ஆறடின்னு நீங்க எப்படிச் சொல்றீங்க? நீங்க பாத்ததே இல்லையே.”

“சம்மட்டியை அடின்னு சொன்னேன்.”

அதற்குள் இரும்பு சிவந்து மங்கிவிட்டது. மறுபடி காய்ச்சி அடித்தார்கள். பார்வைக்கு ஒட்டிவிட்டது. ஆறு வாரம் கழித்து, உள்ளே துளையைக் குடைந்து சுத்தம் செய்து சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, அதே இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. பாரெண்ட் அதை வெட்டி எறிந்துவிட்டு அந்தத் துண்டைப் புதிதாக அடித்தான். மே மாதம் அதோடு போயிற்று.

ஜூனில் கெர்ரிட் ஒரு பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சிவந்த செர்ரி மரம்.

“நான் பொறந்தப்ப எங்கப்பா நட்டது. போன நவம்பர் காத்துல விழுந்துருச்சு. கட்டைக்கு இதைத்தான் போடணும்.”

பாரெண்ட் பலகையை முகர்ந்து பார்த்தான். “இது காயல மச்சான். இன்னும் நாலு வருஷம் காயணும்.”

“நாலு வருஷமா? அதுக்குள்ள நான் காஞ்சிடுவேன்.”

“மேல பரண்ல ஆறு வருஷம் காஞ்ச மேப்பிள் இருக்கு. அதைப் போடுறேன்.”

“அண்ணன் ஆசைப்படுது” என்றாள் லீஸ்பெட். “மரத்துல என்ன இருக்கு, இழைச்சா எல்லாம் ஒண்ணுதானே?”

பதினைந்து வருஷம் கொல்லனோடு குடும்பம் நடத்தியவள்தான் இப்படிக் கேட்டாள். ஆனாலும் செய்தான். குழலின் அடியில் விளக்குக் கரியைத் தடவி, கட்டையில் வைத்து அழுத்தி, கரி ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவி, மறுபடி தடவி, மறுபடி வைத்து, இடையில் ஒரு காகிதம் நுழையாத அளவுக்குக் குழலைக் கட்டையில் உட்கார வைத்தான். ஆகஸ்ட் வெயிலில் கட்டை முறுக்கிக்கொண்டது. பிடி மெலிந்த இடத்தில் பிளந்தது.

கெர்ரிட்டிடம் காட்டினான்.

“இழைக்கும்போது கொஞ்சம் நிதானமா இழைச்சிருக்கலாம் மாப்ளே.”

பாரெண்ட் பரணில் ஏறி மேப்பிளை இறக்கினான். கெர்ரிட் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. அந்த வருஷத்தில் பாரெண்டுக்கு வாய்த்த நல்ல நாட்கள் அவை இரண்டும்தான்.

செப்டம்பர் கடைசியில் துப்பாக்கி முடிந்தது. பூட்டில் கல்லைக் கவ்வியிருக்கும் குதிரையை இழுத்துவிட்டால் அந்தச் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி மழையாகக் கொட்டியது. மேப்பிளின் வரிகள் எண்ணெயில் ஊறிப் புலித்தோல் மாதிரி மின்னின. பாரெண்ட் ஓடைக்கரையில் ஒரு பலகையை நட்டு நாற்பது தப்படியில் நின்று சுட்டான். ரவை பலகையின் நடுவில் தட்டு அகலத்துக்குப் பதிந்தது. தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்கிறவன் அல்ல. அன்று பலகையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கெர்ரிட் சுட்டார். பலகையில் ஒரு ரவைகூட இல்லை. இடது பக்கம் இருந்த நாணலில் பாதி சாய்ந்தது.

“இடது பக்கம் இழுக்குது” என்றார்.

பாரெண்ட் குழலைக் கழற்றி உள்ளே நூல் கட்டிப் பார்த்தான். நேராக இருந்தது. இருந்தும் மரச்சுத்தியால் இல்லாத கோணலைத் தட்டிச் சரிசெய்தான். அவன் சுட்டான், நடுவில் பட்டது. கெர்ரிட் சுட்டார், நாணல் சாய்ந்தது. கட்டையில் கன்னம் படும் இடத்தைச் சீவினான். மறுபடி நாணல்தான். வாத்துகள் வடக்கிலிருந்து இறங்க ஆரம்பித்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து வாசலில் கெர்ரிட், “எங்க மாப்ளை நல்லாத்தான் செய்வான், என்னமோ என்னோடது மட்டும் சரியா அமையல” என்று நாலு பேரிடம் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது பாரெண்டின் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை கெர்ரிட் வந்ததும் பாரெண்ட் அரத்தைப் பட்டடையின் மேல் எறிந்தான். பதினைந்து வருஷம் மச்சானுக்குக் கொடுத்த மரியாதை அந்தச் சத்தத்தோடு போயிற்று.

“நீ பிடிக்கிறதுலதான்யா கோளாறு. என் குழல்ல இல்ல.”

“முப்பது வருஷமா சுடுறேன். எனக்குப் பிடிக்கத் தெரியாதா?”

“பிடி. இப்பப் பிடி. என் மூக்கைப் பாத்துப் பிடி.”

குழலுக்குள் கம்பி விட்டு வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தான், கல்லையும் கழற்றினான். பத்துத் தப்படி தள்ளிப்போய் நின்றான். கெர்ரிட் துப்பாக்கியை வலது தோளில் ஊன்றிக் குறி வைத்தார். குழலின் வாய் பாரெண்டுக்கு நேராக இல்லை, சரிந்து நின்றது. குழல் முனைக்கு மேலே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது கெர்ரிட்டின் இடது கண். வலது கண்ணும் திறந்துதான் இருந்தது. ஆனால் அது எதையும் பார்க்கவில்லை.

பாரெண்ட் கிட்டே போனான். வலது உள்ளங்கையால் மச்சானின் இடது கண்ணை மூடி, தன் இடது கையை அவர் முன்னால் நீட்டினான்.

“இது எத்தனை விரல்?”

கெர்ரிட் துப்பாக்கியை இறக்கவில்லை. “உன் கையில எப்பவுமே ஒண்ணு குறைவுதானே” என்றார். பாரெண்ட் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

“எப்பலேர்ந்து?”

“போன வருஷம். மில்லுக் கல்லைக் கொத்தும்போது ஒரு சில்லு தெறிச்சுது. தண்ணி விட்டுக் கழுவினேன், சரியாப் போச்சு.”

“சரியாப் போச்சா?”

“வலி போச்சு.”

“படகு கவிழ்ந்தது?”

“வலது பக்கம் பனிக்கட்டி வந்தது தெரியல.” துப்பாக்கியை மெல்ல இறக்கினார். “லீஸ்பெட்கிட்ட சொல்லாத மாப்ளே. அவ அழுவா, ஊருக்கே தெரியும். மில்காரனுக்கு ஒத்தைக் கண்ணுன்னா தராசைப் பாக்கத் தெரியலைன்னு சொல்லுவானுங்க. குத்தகையைச் சித்தப்பன் மவன் பிடுங்கிக்குவான்.”

பாரெண்ட் கரித்தொட்டியின் மேல் உட்கார்ந்தான். ஏழு மாதம். ஒட்டு விட்ட குழல், பிளந்த செர்ரி, இல்லாத கோணலைத் தட்டி எடுத்த நாட்கள். திட்டுவதற்கு நிறைய இருந்தது, எதிரில் நின்றவரின் முகத்தைப் பார்த்துத் திட்ட முடியவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“இடது தோள்ல வச்சுச் சுடுங்க, தீந்துச்சு.”

“நான் வலது தோள்ல சுடுறவன்னு எல்லாருக்கும் தெரியும். ஏன்னு கேப்பானுங்க.”

ஆக மூன்றாவது கட்டை. தடித்த ஒரு வால்நட் துண்டிலிருந்து, கட்டையின் பின்முனை வலது தோளில் இருக்க, குழல் இடது கண்ணுக்கு நேராக வருமாறு, நடுவில் நாய் பின்காலை மடக்கினாற்போல வளைத்துச் செதுக்கினான். அப்படி ஒரு அவலட்சணத்தை அவன் கை அதற்கு முன் செய்ததில்லை. முடிந்ததும் அடியில் தன் பெயரெழுத்தைப் பொறிக்கலாமா என்று யோசித்தான். பொறிக்கவில்லை.

லீஸ்பெட் அதைப் பார்த்துவிட்டு, பணியாரம் பொரித்துக்கொண்டிருந்த கரண்டியோடு வந்தாள்.

“எங்க அண்ணனுக்குப் போயி இப்படியா? ஊராருக்கெல்லாம் நேரா செய்யத் தெரியுது.”

“அவருக்கு இதுதான் வேணுமாம்.”

“ஏன்?”

“அவரையே கேளு.”

அவள் கேட்டாள். “மாப்ளை என்னமோ புதுசா செஞ்சு பாக்கிறான், பாவம். நான்தான் போனாப் போகுதுன்னு வாங்கிக்கிட்டேன்” என்றார் கெர்ரிட். அன்று ராத்திரி பாரெண்டுக்கு ஆறிய கூழ்தான் கிடைத்தது.

நவம்பரில் காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. கெர்ரிட் முதல் வெடியிலேயே ஐந்து வீழ்த்தினார். கோணல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்க நடந்தார்.

“இப்படி ஒண்ணை வச்சே அஞ்சு அடிக்கிறேன்னா, நேரான துப்பாக்கி மட்டும் இருந்திருந்தா யோசிச்சுப் பாருங்க.”

குளிர்காலத்தில் பாரெண்டிடம் புதிதாகத் துப்பாக்கி சொல்ல வந்தவர் ஒரே ஒருவர், படகோட்டி டியூனிஸ். அவரும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “கெர்ரிட்டுக்குச் செஞ்ச மாதிரியே ஒண்ணு வேணும். அந்த வளைவுலதான் சூட்சுமம் இருக்குன்னு பேசிக்கிறாங்க.”

“உங்களுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுதா?”

“கழுகு மாதிரி.”

“அப்ப நேராத்தான் செய்வேன்” என்றான் பாரெண்ட். டியூனிஸ் யோசித்துச் சொல்வதாகப் போனார். திரும்பி வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம் கெர்ரிட் துப்பாக்கியின் தேய்ந்துபோன கல்லை மாற்றிக்கொள்ள வந்தார். பாரெண்ட் ஜன்னலோரம் நின்று ஒரு பூட்டின் வில்கம்பியை ராவிக்கொண்டிருந்தான். கெர்ரிட் கரித்தொட்டியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஊர்ல உன்னைப் பாத்துச் சிரிக்கிறானுங்க மாப்ளே. தெரியுமா?”

“தெரியும்.”

“நான் வேணா உண்மையைச் சொல்லிடட்டுமா?”

“சொல்லுங்களேன்.”

கெர்ரிட் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் தடவினார். இடது கண்ணால் ஜன்னலுக்கு வெளியே, தன் மில் இருக்கும் பக்கம் பார்த்தார்.

“இந்த வருஷம் வேணாம்” என்றார். “அடுத்த வருஷம் பாக்கலாம்.”

பாரெண்ட் அரத்தைத் துடைத்தான்.

“சரி. கொஞ்சம் தள்ளி உட்காருங்க மச்சான். வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”