முந்நூறு தலை

எங்கள் கோட்டையின் வழிகாட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் முந்நூறு தலை. வாசலில் சீட்டுக் கிழிக்கும் எனக்கு, இருபத்திரண்டு வருடமாக அவருடைய புளுகைக் காதில் வாங்குவதும் வேலையில் சேர்த்தி. "இந்தக் கல்லுலதான் ஒரே நாள்ல முந்நூறு தலைய வெட்டினாங்க!" என்பார். அது குதிரை லாயத்துத் துணி துவைக்கிற கல். கோட்டைக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் செங்கல்தூளைக் குழைத்து அதன்மேல் பூசிவிட்டுப் போவார். இரத்தக்கறையாம்! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அந்தக் கல்லில் தலையை வைத்துப் படம் எடுக்க வரிசையில் நிற்கிறது.

அவருக்கு ஒரே மகள், பள்ளி ஆசிரியை. "எங்கப்பா பொய் சொல்லிப் பிழைக்கிறார்னு வெளிய சொல்லவே வெக்கமா இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னவள், நாலு வருடமாக அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் தன் வகுப்போடு சுற்றுலா வருகிறாள் என்று தெரிந்ததும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அன்னைக்கு ஒரு நாளாவது உண்மைய மட்டும் பேசப்போறேன்யா. இவர்தான் எங்கப்பான்னு அவ நாலு பேர்கிட்ட சொல்லணும்" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அலுவலக அலமாரியில் கோட்டைப் பதிவேட்டின் நகல் தூசி தின்றுகொண்டிருந்தது. பத்து நாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அதைப் படித்தார்.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிக்கூட்டம் என்றால் ஊழியர் ஒருவர் கூடப் போக வேண்டும், போனேன். அவர் கல்லைத் தாண்டி நேரே நிலவறைக்குக் கூட்டிப்போனார்.

"சுவர் வேலைக்கு வரமாட்டோம்னு சொன்ன பதினொரு கொத்தனார்கள இதுல அடைச்சாங்க. காவல்காரன் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிட்டான். சாவி அவன் இடுப்புல. உள்ள இருந்தவங்க தண்ணி தண்ணின்னு கத்தினாங்க. வெளிய இருந்தவங்க, பூட்ட உடைக்கலாமான்னு மேலிடத்துக்கு எழுதிக் கேட்டாங்க. உத்தரவு வர ஆறு நாளாச்சு. உள்ள ஒருத்தரும் உயிரோட இல்ல. பூட்டு சேதமாகாமத் திறக்கணும்னு உத்தரவுல எழுதியிருந்துச்சு."

படுபாவி மனுஷன், இப்படிப் பேசத் தெரிந்துவைத்துக்கொண்டா இத்தனை வருடம் துவைக்கிற கல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்!

"ரத்தம் வந்துச்சா?" என்றான் ஒருவன்.

"இல்லப்பா."

"சே!"

இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். பின்வரிசையில் தள்ளுமுள்ளு. மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் வந்து, "அப்பா, பசங்க கையில நிக்கல. அந்தத் தலை வெட்டற கதையவே சொல்லிடுங்க, ப்ளீஸ்" என்றாள்.

நாலு வருடம் கழித்து அவள் கேட்ட முதல் உதவி. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மனிதர் போய்க் கல்லின் முன்னால் மண்டியிட்டார், கழுத்தை வைத்தார், விழியை உருட்டினார். முந்நூறு போதாதென்று ஐந்நூறு பேரை வெட்டினார். பிள்ளைகள் அலறிக் கைதட்டினார்கள். பொய்யே ஆகாத டீச்சரம்மாவும் வாய்விட்டுச் சிரித்துக் கைபேசியில் படம் பிடித்தாள். பேருந்தில் ஏறும்போது "சூப்பர்ப்பா" என்றாள்.

"கேட்டியா? என் பொண்ணு சூப்பர்னு சொல்லிட்டா!" என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துத் துப்புவது என்றுதான் தெரியவில்லை. அந்தப் பதினொரு பேரைப் பற்றி அவர் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சீட்டுக் கிழிப்பவனை யார் கேட்கிறார்கள்?