தறிக்குழியில் வைத்த பைன் செடி

எங்கள் வீட்டில் வானத்தைப் பார்ப்பது குடைக்காக அல்ல, பாவுக்காக. ஆரணியில் பட்டு நெய்கிற வீடுகளில் வெயில் கூடினால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவின் இழைகள் முறுகி அறுந்துபோகும்; மழை கூடினால், நெய்பவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழியில் ஈரம் ஊறிப் பாவு தளர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் உண்டு. அந்தப் பதத்தில்தான் நாங்கள் மூன்று வேளையும் சாப்பிட்டோம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்கு இது தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவம், சின்னப் பிள்ளை என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஆறாம் வகுப்பு முடிக்கிற சமயம். டூரிஸ்ட் வேன் ஓட்டிய மாமா கொடைக்கானலிலிருந்து இரண்டு பைன் செடிகளைப் பால் கவரில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அறிவியல் டீச்சருக்கு என்னைவிடச் சந்தோஷம். ஒன்றை வெயிலில் வை, ஒன்றைக் குளிர்ச்சியான இடத்தில் வை, வாரம் ஒருமுறை ஸ்கேலால் அளந்து எழுது, வெப்பமும் மழையும் பைன் மரத்தின் வளர்ச்சியை என்ன செய்கின்றன என்று நீயே கண்டுபிடி என்றார். பள்ளி திறந்ததும் கண்காட்சி, அதில் ஜெயித்தால் மாவட்டக் கண்காட்சி என்றும் சொல்லிவைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மொட்டைமாடியில் வைத்த செடி கத்திரி வெயில் தொடங்கிய ஐந்தாம் நாளே துடைப்பக் குச்சியாகிவிட்டது. மிச்சம் ஒன்று. கொடைக்கானல் குளிருக்கு ஆரணியில் நான் எங்கே போவேன்? யோசித்து யோசித்து, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தைக் கண்டுபிடித்தேன். தறிக்குழி.

எங்களுக்கு இரண்டு தறிகள். அப்பாவின் தறியில் வைத்தால் முதுகுத் தோல் உரிந்துவிடும். இன்னொன்றில் சித்தி உட்கார்ந்திருந்தாள். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு தேவிகாபுரத்திலிருந்து வந்தவள். அவள் பிறந்த வீட்டில் பயிர்வேலைதான், தறி கிடையாது. சித்தப்பாவுக்குச் சென்னையில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். கல்யாணமாகி வந்த சில மாதங்களிலேயே சித்தி நெசவு பழகிக்கொண்டு, அந்தக் கோடையில் முதல்முறையாக ஒரு முழுப் புடவையைத் தனியாக நெய்துகொண்டிருந்தாள். அது குறையில்லாமல் முடிந்தால் அடுத்த பாவு அவள் பேரிலேயே வரும், அந்தத் தறி அவளுடையது என்று அப்பா சொல்லியிருந்தார். தினமும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டுதான் தறியில் உட்காருவாள், ஆபீசுக்குப் போகிறவள் மாதிரி.

குழியின் மூலையில் இருந்த செடியை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னா கண்ணு இது?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"உங்கப்பா பாத்தார்னா பேஜாராயிடும். சரி, ஓரமா இருக்கட்டும். நான் கால் படாம பாத்துக்கிறேன்."

இரண்டு வாரம் அந்தச் செடிக்கு இடம்விட்டுக் காலை ஒடுக்கிக்கொண்டே மிதிபலகையை மிதித்தாள். செடி பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் ஸ்கேலில் ஒரு கோடுகூட ஏறவில்லை. குளிர்ச்சி இருக்கிறது, மழைதான் குறை என்று நானே முடிவுகட்டினேன். வெளிச்சம் என்று ஒன்று வேண்டும் என்பது என் மேதாவி மூளைக்கு எட்டவில்லை. ஒரு மத்தியானம் சித்தி சாப்பிடப் போன நேரத்தில் ஒரு குடம் தண்ணீரை அப்படியே குழியில் கவிழ்த்தேன். கொடைக்கானலில் மழை அப்படித்தான் கொட்டும் என்று மாமா சொல்லியிருந்தார்.

மண் குழி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. சித்தி வந்து காலை இறக்கியதும் ஈரம் தெரிந்திருக்கும். செடிக்குக் கொஞ்சம் ஊற்றியிருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நெய்ய ஆரம்பித்தாள். ஒரு மழைக்காலத்தைக்கூடத் தறியில் கழிக்காதவள், பாவு தளர்வது அவளுக்குப் பிடிபடவில்லை. மறுநாள் காய்ந்தபோது, நெய்த புடவையில் ஒரு சாண் அளவுக்குத் துணி சுருங்கி அலையலையாக நின்றது.

அப்பா வருவதற்குள் செடியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். அவர் குழியில் இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது எதிரே நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"யாரு இங்க தண்ணி ஊத்துனது?"

"சித்திதான் சொம்புல தண்ணி வெச்சிகினு இருந்தாங்க. நான் பாத்தேன்."

எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. தயங்கவில்லை, திக்கவில்லை, 'நான் பாத்தேன்' என்று சாட்சியும் நானே சொன்னேன். தறி ஓரமாக நின்றிருந்த சித்தி என்னைப் பார்த்தாள். அப்பா கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவளிடம் தாழ்ந்த குரலில், "வேணாம்மா. நீ தார் சுத்து, போதும்," என்றார். இனி நெசவுக்கு நூல் சுற்றித் தருவது மட்டும்தான் அவள் வேலை. அந்த மாதம் வந்த சித்தப்பா, அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சாப்பாட்டில் கையை வைத்தார்.

ஜூனில் பள்ளி திறந்தது. செடி இல்லாததால் ஒரு சார்ட்டில் பைன் மரம் வரைந்தேன். கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் முற்றத்தில் நின்று பேசிப் பழகினேன்: வெப்பம் அதிகமானால் பைன் மரத்தின் வளர்ச்சி குன்றும், மழை அளவோடு பெய்தால் நன்றாக வளரும், வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். பக்கத்தில் சித்தி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் அது. இப்போது அதை நெய்வது அப்பா மட்டும். அவள் தலையில் பூ இல்லை. ராட்டையை நிறுத்தாமலே கேட்டாள்.

"நீ எவ்ளோ ஊத்துன கண்ணு?"

"ஒரு சொம்புதான் சித்தி."

தலையாட்டினாள். ராட்டை சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுபடி அவள் தறியில் உட்காரவே இல்லை. என்மேல் இருந்த பிரியத்தால்தான் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு நானும் வந்தவாசியில் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனேன். வீட்டுப் பெண் ஒன்று சொல்லி, வந்த பெண் வேறொன்று சொன்னால் யார் பேச்சு நிற்கும் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

சித்தி அன்று என்னை மன்னித்தாளா என்பதே எனக்குத் தெரியாது. அப்பா கேட்டது என்னை. அவளை யாரும் கேட்கவே இல்லை. நானும் இன்றுவரை கேட்கவில்லை.