நல்லெண்ணெய் பூசிய கூடாரம்

அம்மா இறந்த செய்தி எனக்குக் கிடைத்தபோது காரியங்கள் எல்லாம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. எண்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கடிதம் வெளியே வருவதே அதிசயமாக இருந்த காலம். கொழும்பிலிருந்து யாரோ ஒருவர் தொலைபேசியில் சொன்னார். நான் லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில், வேறு மூன்று பேருடன் இருந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவன் எங்கே போவது?

துக்கப்பட்டவனைத் தனியே விடக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அறையில் இருந்தவர்கள் அதைச் சட்டம்போலக் கடைப்பிடித்தார்கள். ஒருவர் வேலைக்குப் போனால் மற்றவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் இருப்பார். வீடியோவில் படம் போடுவதை நிறுத்தினார்கள். குளியலறையில் நான் சற்றுத் தாமதித்தால் கதவைத் தட்டினார்கள். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அழ வேண்டும். அத்தனை கண்கள் பார்த்திருக்க அழுகை வரவில்லை. ஆட்கள் சூழ இருந்தும் அப்படியொரு தனிமையை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

எனக்கு வேலை, கடை வாசல்களுக்கு மேலே இழுத்துவிடும் கித்தான் மறைப்புகள் தைக்கும் ஒரு பட்டறையில். வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். நூலகத்துப் புத்தகமொன்றில் பழைய காலத்துக் கூடாரம் ஒன்றின் படம் பார்த்திருந்தேன். முன்னும் பின்னும் ஒவ்வொரு கம்பு, இடையே ஒரு கயிறு, அதன்மேல் இரு பக்கமும் சரியும் கித்தான். அவ்வளவுதான். அதற்குள் இருந்தால் ஒருவரும் என்னைப் பார்க்கமாட்டார்கள் என்று தோன்றியது. மதிய இடைவேளைகளில் தைத்தேன். மூட்டும் இடங்களில் விளிம்பை விளிம்புக்குள் மடித்து இரட்டைத் தையல் போட்டேன். கம்புகளுக்கு, வீடு கூட்டும் பழைய தும்புத்தடிகளின் பிடிகள் உதவின.

வீட்டில் மூத்தவர் ஓர் அண்ணை. சொந்தமில்லை, எல்லோருக்கும் அவர் அண்ணைதான். பின்வளவில் நான் கூடாரத்தை விரித்ததைக் கண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அகதி முகாமில கிடந்தது காணாதெண்டோ இஞ்சையும் கூடாரம்?"

"ஒருநாள் காட்டுப்பக்கம் போய்ப் படுத்திட்டு வாறன் அண்ணை."

"தனியப் போகப்படாது. நானும் வாறன்."

"ஏலாது அண்ணை. ஒருத்தர்தான் படுக்கலாம்."

"ஏன் அப்பிடித் தைச்சனீ?"

துணி போதவில்லை என்றேன். பட்டறை மூலையில் இன்னும் இரண்டு கூடாரத்துக்குத் துணி கிடந்தது.

மழைக்கு என்ன செய்வதென்று பட்டறை மேற்பார்வையாளரைக் கேட்டேன். முன்பெல்லாம் கித்தானுக்கு எண்ணெய் பூசுவார்கள் என்றார் அந்த வெள்ளைக்காரர். ஏதோ ஒரு விதையின் எண்ணெய். அந்த விதையை நான் கண்டதில்லை. எள்ளும் விதைதானே என்று தமிழ்க் கடையில் நல்லெண்ணெய் வாங்கி வந்தேன். அது காயாத எண்ணெய் என்பது பூசிய பிறகுதான் உறைத்தது. பின்னேரம் பின்னேரமாகக் குந்தியிருந்து உள்ளங்கையால் தேய்த்து, கொடியில் எத்தனை நாள் போட்டும் துணி பிசுபிசுத்தது. வேறொருவன் என்றால் விட்டிருப்பான். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால். சுருட்டிக் கட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து வேறிடம் போனாள்.

காட்டோரத் திடலில் நைலோன் கூடாரங்கள் நீலமும் செம்மஞ்சளுமாக நின்றன. எல்லாம் குடும்பங்கள். நான் தள்ளி ஒரு மூலையில் என்னுடையதை அடித்தேன். பின்னேரம் மழை பிடித்தது. உள்ளே போய் முகப்பை மூடி, இனி அழலாம் என்று உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டது இதற்குத்தானா?

தலைக்கு மேலே மூட்டில் நீர் கசிந்தது. கையை வைத்து அழுத்தினேன். கை முழுக்க எண்ணெய். அந்த வாசனையோடுதான் நினைவு வந்தது. எங்கள் செத்தவீடுகளில் உடலைக் குளிப்பாட்டுமுன் உரித்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் அரப்பும் எண்ணெயும் வைப்பார்கள். பிள்ளைகள்தான் முதலில். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. யார் வைத்தார்கள் என்று தொலைபேசியில் நான் கேட்கவில்லை. ஒரு துணிக்கு இத்தனை எண்ணெய் தேய்த்தவன் அம்மாவின் தலையில் ஒரு துளி வைக்கவில்லை.

வாய்விட்டு அழுதேன். அழுதபடியே எண்ணெய்க் கையால் தலையில் அடித்துக்கொண்டேன். மழைச் சத்தம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. நடுவில் ஒருமுறை, முதுகில் ஒரு கை வந்து படும் என்று என்னை அறியாமலே காத்திருந்தேன். வரவில்லை. வரமுடியாதபடிதானே தைத்திருந்தேன்.

மறுநாள் அண்ணைதான் கதவைத் திறந்தார். என் தலைமயிரில் எண்ணெய் மினுங்கியது. துக்கம் காக்கும் நாட்களில் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. அவர் முகம் மாறியது.

"என்ன, எண்ணெய் வைச்சு முழுகினியோ?"

"இல்லை அண்ணை. அம்மாவுக்கு வைச்சனான்."

அவர் என் தோளிலிருந்த மூட்டையை வாங்கி உள்ளே வைத்தார். அன்று பின்னேரம் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். செய்தி வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அந்த அறையில் நான் தனியே இருந்தேன். நான் விரும்பியதுதான் கிடைத்திருந்தது. அவர்கள் திரும்பி வரும் சத்தம் கேட்கிறதா என்று படிக்கட்டுப் பக்கம் காது கொடுத்தபடி இருந்தேன்.